கட்டைக் குவியலில் சிவப்புத் துணி

இதைப் படித்துவிட்டு யாரும் நிலாவெளிக்குப் போய்க் கதிரவேலைத் தேட வேண்டாம். அவர் இதைப் பற்றிக் கதைக்கமாட்டார். கேட்டால் எழும்பிப் போய்விடுவார். சந்தேகம் உள்ளவர்கள் மூதூரில் றிஸ்வியைக் கேட்கலாம். ஆற்று மண் ஏற்றுகிற றிஸ்வி என்றால் சந்தியில் நிற்கிற எவரும் வீட்டைக் காட்டுவார்கள். அவன் ஒன்றையும் மறைக்கமாட்டான். மூன்று நேரங்களையும் நிமிடம் பிசகாமல் சொல்லுவான்.

இரண்டு ஐம்பது. மூன்று இருபத்தைந்து. நாலு ஐம்பத்தொன்று.

மூன்றும் பகல். பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வரும் என்று நம்பிக்கொண்டு பகலில் நெஞ்சை நிமிர்த்தித் திரிகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கதிரவேலுக்கு ஐம்பத்தாறு வயது. நிலாவெளியில் கரைவலைத் தொழில். கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், படகு வலையைக் கடலில் வளைத்துப் போட்டுக்கொண்டு வர, கரையில் ஒருவர் நின்று துணி காட்டுவார். அலை இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. துணிதான் பேச்சு. இடப்பக்கம் வீசினால் படகு இடப்பக்கம் போக வேண்டும். இரண்டு கையாலும் விரித்து நிலத்தைப் பார்த்து அமத்தினால், நில், அசையாதே என்று அர்த்தம். தலைக்கு மேலே வட்டமாகச் சுழற்றினால், எல்லாரும் ஓடிவந்து கயிற்றில் கை வையுங்கள் என்று அர்த்தம்.

இந்தக் கடைசிச் சைகைக்கு எங்கள் கரையில் ஒரு தனி மரியாதை. அதைக் கண்ட பிறகு சும்மா போகக் கூடாது. சைக்கிளில் போகிறவன் சைக்கிளை மணலில் சாய்த்துவிட்டு வருவான். சண்டை பிடித்துக்கொண்டு கதையாமல் இருக்கிறவனும் வந்து கயிற்றைப் பிடிப்பான், இழுத்து முடிந்ததும் பழையபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான். நாற்பது வருடத்தில் கதிரவேல் ஒரு நாளும் அந்தத் துணியைக் கண்டுவிட்டு நடந்து போனதில்லை.

ஒரு நாளைத் தவிர.

அந்தக் கார்த்திகையில் மலைநாட்டில் ஒரு கிழமை விடாத மழை. மேலே அணைகளின் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். மலை இடிந்து விழுந்த இடங்களில் இருந்த மரங்கள், மரக்காலைகளில் அறுத்து அடுக்கியிருந்த கட்டைகள், எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு மகாவலி கங்கை எங்கள் பக்கம் இறங்கியது. கிளிவெட்டி வயல்வெளியில் பைன் மரம் மிதந்தது என்றால் நம்புவீர்களா? மிதந்தது. அந்தப் பக்கம் முழுக்க வெட்டின பச்சை மர வாசம் அடித்தது.

கதிரவேலுக்கு ஒரே மகள் தேனுகா. கிளிவெட்டியில் கலியாணம் முடித்தவள். புருஷன் கட்டாரில். மாமியார் மட்டக்களப்புக்குப் போன இடத்தில் றோட்டு அடைபட்டு நின்றுவிட்டா. வீடு ஊருக்கு வெளியே, வயலுக்குள், கங்கைக்குக் கிட்ட. வியாழக்கிழமை விடிய வீட்டுக்குள் தண்ணி வந்துவிட்டது. தேனுகா பின்னால் இருந்த நெல் ஸ்டோரின் கொங்கிறீற்றுக் கூரையில் படியால் ஏறிவிட்டாள். எட்டு மாத வயிற்றோடு, தனியாக, ஒரு இரவு முழுக்க மழைக்குள் இருந்தாள்.

புருஷன்காரன் கட்டாரில் இருந்து பேஸ்புக்கில் போட்டான். என் மனைவி கூரையில் நிற்கிறாள், கர்ப்பிணி, யாராவது காப்பாற்றுங்கள் என்று போட்டு, கீழே மாமனாரின் போன் நம்பரையும் போட்டுவிட்டான். அதன் பிறகு கதிரவேலின் போன் ஓயவில்லை. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் எடுத்தார்கள். கண்டியில் இருந்து ஒருவர், கனடாவில் இருந்து ஒருவர். எல்லாரும் விசாரித்தார்கள், வருத்தப்பட்டார்கள், வைத்துவிட்டார்கள்.

திருகோணமலையில் இருந்து றோட்டுத் திறந்தது வெள்ளிக்கிழமை காலைதான். கதிரவேல் தன்னுடைய சின்னப் பைபர் படகை லொறியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். வழியில் பதினொரு மணிக்குத் தேனுகா எடுத்தாள்.

"அப்பா, வயிறு நோகுது. விட்டு விட்டு நோகுது. போனில சார்ஜ் ஆறு வீதம்தான் கிடக்கு. நான் ஓஃப் பண்ணுறன்."

"வாறன் பிள்ளை. வந்துகொண்டுதான் இருக்கிறன்."

றோட்டு தண்ணிக்குள் இறங்குகிற இடத்தில் மீட்புக்காரர்கள் நின்றார்கள். இரண்டு தரம் போய் இரண்டு தரமும் கட்டைக்குப் பயந்து திரும்பியிருந்தார்கள். மேலே இன்னும் கதவு திறந்துவிட்டார்களாம். புதுத் தண்ணி பின்னேரம் ஐந்து மணிக்கு இந்தப் பக்கம் வந்து சேருமாம். இன்னும் நாலடி ஏறுமாம். நெல் ஸ்டோர்க் கூரைக்கும் தண்ணிக்கும் இடையில் அப்போதே ஓரடிதான் இருந்தது. கணக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. ஐந்து மணிக்கு முதல் அவளை எடுக்க வேண்டும், அல்லது அவள் இல்லை.

றிஸ்வி தானாகத்தான் வந்தான். நாற்பது தாண்டியவன், அந்தக் கங்கையில் பிறந்து வளர்ந்தவன். அவன் மனைவி றம்லா கருவாடு வாங்க நிலாவெளிக்கு வருகிறவள், அந்த வழியில் பழக்கம்.

"அண்ணனுக்குக் கடல் தெரியும், ஆறு தெரியா. நானும் வாறன்" என்றான். வேறு கதை இல்லை.

படகைத் தண்ணியில் இறக்கும்போது கதிரவேலின் போன் மறுபடி அடித்தது. யாரோ கொழும்பில் இருந்து. அவருக்கு எரிச்சல் வந்தது. தேனுகாவின் போன் ஓஃப். இனி யார் எடுத்து என்ன ஆகப் போகிறது? சத்தத்தை நிறுத்திவிட்டு, பொலித்தீனில் சுற்றி, மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிக்குள் போட்டு, தான் இருக்கிற பலகைக்குக் கீழே தள்ளிவிட்டார்.

நேரம் ஒன்று நாற்பது.

எதிர்த்து ஏற முடியாத தண்ணி என்பதால் மேலே இருந்து இறங்கி, தேனுகாவை எடுத்துக்கொண்டு, கீழே பள்ளிக்கூட மேட்டில் கரை சேர்வதுதான் திட்டம். இஞ்சின் நாற்பது நிமிடம் ஓடியது. இரண்டு இருபதுக்கு, தண்ணிக்குள் கிடந்த கட்டை ஒன்றில் விசிறி அடித்தது. டங். அவ்வளவுதான். விசிறியைப் பிடித்திருக்கிற இரும்புப் பின் முறிந்துவிட்டது. மாற்றுப் பின் போட்டார். ஐந்து நிமிடத்தில் அதுவும் முறிந்தது. இஞ்சினைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டு இரண்டு துடுப்புகளை எடுத்தார்கள். முன்னால் றிஸ்வி. பின்னால் கதிரவேல்.

கடலில் அலை வரும், போகும். வந்த அலை போக ஒரு நேரம் இருக்கும், அதற்குள் மூச்சு விடலாம். இங்கே அது இல்லை. தண்ணி ஒரே பக்கமாக, ஒரே மூச்சில், வெள்ளையாக நுரைத்துக்கொண்டு இழுத்தது. அதற்குள் கட்டைகள் உருண்டன. சிலது மிதந்தது. சிலது அடியில் வந்து திடீரென்று தலையைத் தூக்கியது. கதிரவேலுக்கு முதல் தடவையாகத் தண்ணியில் பயம் வந்தது. வெட்கப்படாமல் றிஸ்வியிடம் சொன்னார்.

"எனக்கும் பயம்தான் அண்ணன். வலிங்க."

இரண்டு ஐம்பது. வாய்க்கால் கட்டு உடைந்த இடம். நடுவில் இரண்டு மருதமரங்கள், அவற்றில் சிக்கிய கட்டைகள் ஒரு வீட்டளவு உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. தண்ணி இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் விழுந்துகொண்டிருந்தது.

"வலப்பக்கம் அண்ணன். அங்கதான் ஆழம்."

கதிரவேல் துடுப்பை வைத்தார். அப்போதுதான் அதைக் கண்டார்.

குவியலின் உச்சியில் சட்டையில்லாத ஒரு ஆள். வெறும் மேல். கையில் சிவப்புத் துணி. இடப்பக்கம் வீசினான். ஒரு தரம். இரண்டு தரம்.

யோசிக்க நேரம் இல்லை. நாற்பது வருடப் பழக்கம் கையில் இருந்தது, கை தானாகப் படகை இடப்பக்கம் திருப்பிவிட்டது. றிஸ்வி கத்தினான். படகு இடப்பக்கத்து வாயில் விழுந்து, தூக்கிப் போட்டு, தண்ணி அள்ளி, எப்படியோ நிமிர்ந்தது. அந்த நேரம் பின்னால் இருந்து ஒரு பெரிய அடிமரம் வேரோடு வந்து வலப்பக்க வாயில் நுழைந்தது. நட்டுக்குத்தாக எழும்பி நின்றது. பிறகு விழுந்தது. அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது.

கதிரவேல் நன்றி சொல்லக் கையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தார்.

குவியலில் யாரும் இல்லை.

அந்த நேரம் அவருடைய குதிக்காலில் ஒரு சின்ன அதிர்வு. கிர்ர்... கிர்ர்... படகின் அடியில் கட்டை உரசுகிறது என்று நினைத்தார். பிறகு அது நின்றுவிட்டது.

"கண்டியா தம்பி?"

"கண்டன். ஆரோ வயல்காரன். மறுபக்கம் இறங்கியிருப்பான்."

கதிரவேல் துடுப்பை எடுத்து வலித்தார். ஆனால் மனதில் ஒன்று முள்ளாகத் தைத்துவிட்டது. வயல்காரன் இப்படித் துணி காட்டமாட்டான். முழங்கையை மடிக்காமல், தோளில் இருந்து வீசுகிற வீச்சு அது. கரைவலைக்காரன் வீச்சு.

மூன்று இருபத்தைந்து. வயல்வெளி முழுக்க ஆறாகிக் கிடந்தது. மின்கம்பங்கள் இடுப்பளவு தண்ணியில் வரிசையாக நின்றன. முன்னால் ஒரு மதகில் இன்னொரு கட்டைக் குவியல்.

அதன் மேல் அந்த ஆள்.

அதே வெறும் மேல். அதே சிவப்புத் துணி. அவர்களுக்கு முன்னால்.

படகு இல்லாமல் அவன் எப்படி அங்கே வந்தான்? இடையில் ஒன்றரை மைல் வெள்ளம். அவன் துணியை இரண்டு கையாலும் விரித்து, கீழே அமத்தினான். நில். அசையாதே.

கதிரவேல் பக்கத்தில் சிக்கிக் கிடந்த ஒரு நீட்டுக் கட்டையைக் கண்டு கயிற்றை எடுத்தார். கடலில் மிதக்கிற கட்டையைக் கண்டால் நாங்கள் விடமாட்டோம். கட்டைக்குக் கீழே மீன் நிற்கும். படகைக் கட்டையில் கட்டிவிட்டுத் தூண்டில் போடுவோம். கட்டை என்றால் எங்களுக்கு அதிர்ஷ்டம்.

றிஸ்வி கயிற்றைப் பிடித்துப் பறித்தான்.

"கட்டாதீங்க. இது கடல் இல்ல அண்ணன். ஆத்துக் கட்டைக்குக் கட்டினா, தண்ணி படகோட ஆளையும் கட்டைக்குக் கீழ இழுத்துரும். கம்பத்தப் புடிங்க."

இருவரும் ஒரு மின்கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அரை நிமிடம் இருக்கும். இடப்பக்கத்து வாய்க்காலில் இருந்து நாற்பது ஐம்பது கட்டைகள் ஒன்றாகச் சேர்ந்து இறங்கி, அவர்கள் போக இருந்த வழியைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போயின. கட்டையோடு கட்டை மோதுகிற சத்தம். டொக். டொக். டொக். பிறகு அடங்கியது.

நாற்பதடி தூரத்தில் அவன் நின்றான். அவ்வளவு கிட்ட இருந்தும் முகம் பிடிபடவில்லை.

அப்போதுதான் கதிரவேல் மற்றதைக் கவனித்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. றிஸ்வியின் சாரம் காலோடு ஒட்டியிருந்தது.

அந்தத் துணி ஒட்டவில்லை.

கொடியில் காய்கிற துணிபோலப் படபடவென்று அடித்தது. காய்ந்த துணியின் சத்தம்.

கிர்ர்... கிர்ர்... குதிக்காலில் மறுபடி அந்த அதிர்வு.

றிஸ்வி திரும்பிப் பார்க்கவில்லை. அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. மெல்லிய குரலில் ஓதிக்கொண்டிருந்தான். கம்பத்தை விட்டதும் இருவரும் வேகமாக வலித்தார்கள். கதிரவேல் கடைசியில் பார்த்தபோது மதகின் மேல் கட்டைகள் மட்டும்தான் கிடந்தன.

மூன்று ஐம்பதுக்குத் தேனுகாவைக் கண்டார்கள். கூரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தண்ணி கூரை விளிம்பில் ஒரு சாண் கீழே நின்றது. அப்பாவைக் கண்டதும் அழவில்லை. எழும்பவும் இல்லை.

"அப்பா, அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா நோகுது."

அவளைப் படகில் இறக்க நாற்பது நிமிடம் ஆனது. நோ வரும்போதெல்லாம் நிறுத்த வேண்டியிருந்தது. படகு கூரையில் முட்டி முட்டி விலகியது. றிஸ்வி கழுத்தளவு தண்ணியில் இறங்கி நின்று படகைப் பிடித்தான். ஒருவழியாக அவளை நடுவில் படுக்க வைத்து, இஞ்சின் மூடுகிற படங்கால் போர்த்துவிட்டார்கள். நாலரை.

படுத்தபடியே சொன்னாள். "நேற்று மத்தியானம் ஒரு போட் சத்தம் கேட்டது அப்பா. எனக்காகத்தான் வருதெண்டு நினைச்சன். கிட்ட வந்து... கீழ்ப்பக்கம் போய்... பிறகு சத்தம் நிண்டுட்டுது."

"கதையாதை பிள்ளை. மூச்சை விடு."

அந்தக் கதையை அவர் காதில் வாங்கவே இல்லை. அவருக்கு ஐந்து மணி ஒன்றுதான் நினைவு.

நாலு ஐம்பத்தொன்று.

கங்கையின் பழைய கரையில் இருந்த உடைந்த அணைக்கட்டு. மற்ற இரண்டையும்விடப் பெரிய குவியல். கரையில் இருந்து முக்கால்வாசிக்கு அடைத்துக் கிடந்தது. தண்ணி அதற்கு மேலால் போகவில்லை. கீழால் போனது. உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. வலப்பக்கத்தில் மட்டும் ஒரு படகு போகிற அளவுக்கு ஒரு வாய். அதற்கு அப்பால் பள்ளிக்கூட மேடு தெரிந்தது. அங்கே ஆட்கள் நிற்பது தெரிந்தது.

குவியலின் மேல் அவன்.

சிவப்புத் துணி தலைக்கு மேலே வட்டமாகச் சுழன்றது.

எல்லாரும் வாருங்கள். கயிற்றில் கை வையுங்கள்.

கதிரவேலின் தோள் இரண்டும் துடித்தன. அது அவருடைய அறிவில் இருந்து வந்ததல்ல, உடம்பில் இருந்து வந்தது. துடுப்பு தானாக இடப்பக்கம் திரும்பப் பார்த்தது. படகின் தலை குவியலை நோக்கி ஒரு முழம் திரும்பியும்விட்டது.

தேனுகா முனகினாள்.

கடலில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. இருக்க முடியாத இடத்தில் ஒரு ஆள் நின்று கூப்பிட்டால், பார்க்கக் கூடாது, பதில் சொல்லக் கூடாது, முகத்தைத் திருப்பிக்கொண்டு போக வேண்டும். முதல் இரண்டு தரம் நல்லது செய்துவிட்டு மூன்றாம் தரம்தான் கூட்டிக்கொண்டு போகும் என்பார்கள். கதிரவேலுக்கு அது நினைவு வந்தது. இத்தனை தூரம் காப்பாற்றிக்கொண்டு வந்தது இதற்குத்தான். என் பிள்ளையையும் வயிற்றில் இருக்கிறதையும் சேர்த்துக் கேட்கிறது.

கிர்ர்... கிர்ர்... கிர்ர்...

"அண்ணன்" என்றான் றிஸ்வி. அவன் துடுப்பு நின்றுவிட்டது. "ஒருக்காப் பாப்பமா?"

"பாக்காதை. வலி."

"அப்பா... ஆரோ கூப்பிடுற சத்தம்."

"தண்ணிச் சத்தம் பிள்ளை."

"இல்லை அப்பா. ஆள். கீழ இருந்து. அண்ணை எண்டு..."

"தண்ணிதான் பிள்ளை. கண்ணை மூடு."

அவருக்கும் கேட்டது.

அண்ணை...

ஒரு தரம்.

அண்ணை...

கதிரவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வலித்தார். முப்பதடி தூரத்தில் படகு கடந்தது. துணி சுழல்கிற சத்தம் காதோரம் கேட்டது. விர்ர்... விர்ர்... வாயில் நுழைந்து, விழுந்து, எழும்பி...

சத்தம் நின்றது.

திரும்பிப் பார்க்கவில்லை.

ஐந்து மணி இரண்டு நிமிடம், அவர்களுக்குப் பின்னால் ஒரு இரைச்சல் எழும்பியது. புதுத் தண்ணி. ஐந்து மணி ஆறு நிமிடத்துக்குப் படகு பள்ளிக்கூட மேட்டில் முட்டியது. ஆட்கள் ஓடிவந்து தேனுகாவைத் தூக்கினார்கள். கதிரவேல் மண்ணில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அப்போது அவரும் அப்படித்தான் நினைத்தார்.

சனிக்கிழமை விடிய ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது. மாதம் நிறையாத பிள்ளை, ஆனாலும் நல்ல சத்தமாக அழுதது. வாளிக்குள் இருந்த போனைக் கதிரவேல் அதன் பிறகுதான் எடுத்துப் பார்த்தார். எழுபதுக்கு மேல் தவறிய அழைப்புகள். எல்லாம் தெரியாத நம்பர்கள். யாரோ விசாரித்திருக்கிறார்கள், பிறகு பார்ப்போம் என்று வைத்துவிட்டார்.

வெள்ளம் வடிய எட்டு நாள் ஆனது. அணைக்கட்டில் இருந்த குவியலை இயந்திரம் வைத்து அகற்றினார்கள். கட்டை ஏற்றத் தன் உழவு இயந்திரத்தோடு றிஸ்வியும் போயிருந்தான். அங்கிருந்தே கதிரவேலுக்குப் போன் எடுத்தான்.

குவியலுக்கு அடியில் ஒரு பைபர் படகு இருந்தது. எங்களுக்குப் பக்கத்து ஊரான சல்லியின் படகு. அதன் கயிறு ஒரு பெரிய கட்டையில் கட்டியிருந்தது. கடல்காரன் போடுகிற கட்டு.

படகோடு செத்துக் கிடந்த ஆளுக்குப் பிரசாந்தன் என்று பெயர். இருபத்தொன்பது வயது. சல்லிக் கரைவலையில் துணி காட்டுகிறவன். பேஸ்புக்கில் கண்டுவிட்டு வியாழக்கிழமை காலை, றோட்டு அடைபட முதல், ஒருவருக்கும் காத்திராமல் படகோடு போனவன். ஆளை விசாரித்து நேரத்தை வீணாக்கவில்லை, வருத்தப்பட்டுவிட்டு வைக்கவும் இல்லை. மத்தியானம் தேனுகாவின் கூரையைத் தாண்டித் தண்ணி அவனை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. நின்று மூச்சு வாங்கக் கட்டையைக் கண்டு கட்டியிருக்கிறான். றிஸ்வி பக்கத்தில் இல்லாத கதிரவேல் செய்திருக்கக் கூடிய அதே வேலை.

கால் இரண்டும் கட்டைகளுக்கு நடுவில் நசிந்திருந்தன. ஆனால் தலைக்கு மேலே, கட்டைகளுக்குள், ஒரு பானையளவு இடம் காற்றோடு இருந்திருக்கிறது. பிரேதப் பரிசோதனை முடிந்து டாக்குத்தர் எழுதிக் கொடுத்ததைப் பிறகு றிஸ்வி வாசித்துக் காட்டினான். வியாழக்கிழமை சாகவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் தண்ணி ஏறின பிறகுதான் செத்திருக்கிறான்.

ஐந்து மணிக்குப் பிறகு.

அந்தக் காலோடு அவனால் ஒரு அங்குலம் அசைந்திருக்க ஏலாது. எழும்பி நின்றிருக்கவே ஏலாது.

படகின் முன்பெட்டிக்குள் ஒரு பொலித்தீன் பை இருந்தது. வாய் இறுக்கிக் கட்டியபடி. உள்ளே சிவப்புத் துணி. மடித்தது. காய்ந்தது.

கதிரவேலின் வீட்டில் பிள்ளைக்கு முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிந்தது. சல்லியில் பிரசாந்தனுக்கு முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்தது. ஒரு நாள் வித்தியாசம்தான். அதற்குப் பிறகு ஒரு காலையில் அவன் மனைவி சோபனா நிலாவெளிக்கு வந்தாள். வெள்ளைச் சேலை. கையில் ஒரு போன். அவன் கையில் பொலித்தீன் சுற்றியபடி இருந்த போன்தான், சார்ஜ் போட்டதும் வேலை செய்ததாம்.

கதிரையில் இருக்கச் சொன்னார்கள். இருக்கவில்லை.

"இது உங்கட நம்பர்தானே அண்ணை?"

கதிரவேல் பார்த்தார். வெள்ளிக்கிழமை. ஒரே நம்பருக்கு மூன்று தரம்.

இரண்டு ஐம்பது.

மூன்று இருபத்தைந்து.

நாலு ஐம்பத்தொன்று.

"எனக்குக்கூட எடுக்கேல்ல அண்ணை. மூண்டு தரமும் உங்களுக்குத்தான் எடுத்தவர். நீங்கள் அந்தப் பக்கம் வாறது அவருக்கு எப்பிடித் தெரியும்?"

 கதிரவேலின் குதிக்காலில் அந்த அதிர்வு மறுபடி ஓடியது. கட்டை உரசுகிறது என்று நினைத்த அதிர்வு, வாளிக்குள் போன் அடித்த அதிர்வு.

"ஏன் அண்ணை நீங்கள் எடுக்கேல்ல?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தேனுகா அறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணிச் சத்தம் என்று அப்பா சொன்னது என்ன சத்தம் என்று அவளுக்கு அந்த நிமிடத்தில் விளங்கியது. 

கதிரவேலின் மடியில் பிள்ளை நித்திரையாக இருந்தது. சோபனா அதைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள்.

பிறகு போனை அணைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கேட்டதை மறுபடி கேட்காமல் போய்விட்டாள்.